காட்டுமாடு எதிரே வந்து நின்ற அனுபவம் யாருக்காவது உண்டா?

குன்னூர்வாசி:
பால் பாக்கெட்டோடு எங்கள் ஊர் பெட்ஃபோர்டு பகுதியிலிருந்து இறங்கி நடந்தேன், பனிமூட்டம் வேறு. வளைவில் காளை. ஓடவும் இல்லை, முட்ட வரவும் இல்லை. மெல்லத் திரும்பி முழு உடம்பையும் பக்கவாட்டில் காட்டியபடி நின்றது. கழுத்திலிருந்து எழும்பும் திமில்மேடு நடுமுதுகில் பொசுக்கென்று முடிந்து இறங்குகிறது. உடம்பு முழுக்கக் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பில் முக்கியெடுத்த மாதிரி வெள்ளை. அப்புறம் புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஏன் பக்கம் காட்டி நின்றது?

கொடைமலை:
மிரட்டல்தான் நண்பரே. காளைகள் இப்படித்தான் பருமனைக் காட்டி ஒன்றையொன்று அளக்கும். சின்னது விலகிவிடும், பெரும்பாலும் மோதலே வராது. ஆனால் கொம்பை வைத்துக் காளை என்று முடிவுகட்டினீர்களா? பசுவுக்கும் கொம்பு உண்டு. ஏரிச்சாலையில் நான் பார்த்தது பசு. அடர்பழுப்பு, கொம்பு ஒல்லி. அடிவயிற்றை ஒட்டிப் பொன்னிறக் கன்று. செல்ஃபிக்குக் குனிந்தவரைப் பார்த்து ஒரே ஒரு அடி முன்னால் வைத்தது. அவர் போனைப் போட்டுவிட்டு ஓடினார்.

குன்னூர்வாசி:
நிறத்தையும் கழுத்துப் பருமனையும் பார்த்துத்தான் காளை என்றேன். கொம்பை ஆராய அங்கே யாருக்கு நேரம்?

ஆழியாறு பைக்கர்:
எனக்கு வரையாடு. வால்பாறை ரோடு, 9-வது கொண்டை ஊசி வளைவு. முதுகில் வெள்ளி பூத்த கிழட்டுக் கடா, தலைக்கு மேலே செங்குத்துப் பாறையில் சாவகாசமாக நடந்தது. பிளந்த குளம்பு விரிந்து பாறையைப் பிடித்தது கீழிருந்தே தெரிந்தது. அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். தயவுசெய்து சிப்ஸ் போடாதீர்கள். பழகிய ஆடு ரோட்டுக்கு இறங்கி வண்டியில் அடிபடும். காட்டுமாடு என்றால் ஹாரன் வேண்டாம், ஹை பீம் வேண்டாம். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகவே கூடாது. நாயோடு வாக்கிங் போகிறவர்கள் இன்னும் கவனம், குரைத்து வம்பை இழுத்துவிட்டு உங்களிடம்தான் ஓடி வரும். காட்டுமாட்டுக்குப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் நீங்கள் பின்வாங்குங்கள்.

கொடைமலை:
யார் சார் சிப்ஸ் போட்டது இங்கே?

கோத்தகிரி அக்கா:
எங்கள் தோட்டத்துக்கு ஒற்றைக்கொம்புக் காட்டுமாடு ஒன்று வரும். இடது பக்கம் வெறும் மோழை. மான் கொம்பு மாதிரி திரும்ப முளைக்கும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மான் கொம்பு வருஷாவருஷம் விழுந்து முளைப்பது. இது உள்ளே எலும்பு, மேலே கொம்பு உறை. முறிந்தால் முறிந்ததுதான். போன மழைக்கு அந்தப் பக்கத்தால்தான் எங்கள் கேட்டைத் தள்ளித் திறந்தது, நான் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். கேரட் பாத்தி மொத்தமும் போச்சு.