மண்பானை நீர் கொதிக்காமல் ஆவியாவது எப்படி?

கேள்வி:
வணக்கம். நான் பதினோராம் வகுப்பு மாணவி. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில்தான் ஆவியாகும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆனால், பானைச் சுவரில் கசியும் நீர் ஆவியாவதால்தான் உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது என்கிறார்கள். அடுப்பே இல்லாமல் அது எப்படி ஆவியாகிறது? ஆவியாக வெப்பம் தேவையென்றால், பானை குளிர்வது ஏன்?

பதில் 1:
100 டிகிரி என்பது கொதிநிலை, அதுவும் கடல்மட்டக் காற்றழுத்தத்தில் மட்டும். ஊட்டியில் 93 டிகிரியை எட்டும் முன்பே உலை கொதித்துவிடும். கொதிக்கும்போது நீரின் உள்ளேயே குமிழிகள் உண்டாகின்றன. ஆவியாதலோ எந்த வெப்பநிலையிலும் மேற்பரப்பில் நடப்பது. நீர் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வேகத்தில் அலைவதில்லை. மேற்பரப்பிலுள்ள வேகமானவை மற்றவற்றின் ஈர்ப்பை அறுத்துக்கொண்டு வெளியேறிவிட, மந்தமானவை எஞ்சுகின்றன. சராசரி ஆற்றல் குறைகிறது. நாம் வெப்பநிலை என்று அளப்பது அந்தச் சராசரியைத்தான். எனவே உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே: ஆவியாகத் தேவையான வெப்பத்தைப் பானை நீரே கொடுத்துவிட்டுக் குளிர்கிறது.

பதில் 2:
கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கத் தேவையான வெப்பம் என்று பாடநூலில் வரும் 2260 கிலோஜூல் 100 டிகிரிக்கானது. 30 டிகிரியில் ஒரு கிலோ நீர் ஆவியாகச் சுமார் 2430 கிலோஜூல் வேண்டும். பத்து லிட்டர் பானையிலிருந்து 100 கிராம், அதாவது அரை டம்ளர் நீர் ஆவியானால் 243 கிலோஜூல் போய்விடும். பத்து லிட்டரை ஒரு டிகிரி குளிர்விக்க 41.8 கிலோஜூலை எடுத்தால் போதும் என்பதால், ஏறத்தாழ 6 டிகிரி இறங்க வேண்டும். வெளிக்காற்றின் சூடும் உள்ளே புகுந்துகொண்டே இருப்பதால் உண்மையில் இதைவிடக் குறைவாகவே இறங்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. மதுரையில் பாட்டி வீட்டுப் பானை நீர் சில்லென்று இருக்கிறது. சென்னையில் எங்கள் வீட்டுப் பானையில் அந்தக் குளிர்ச்சி இல்லையே, இது பானையின் குறையா?

பதில் 2:
பெரும்பாலும் காற்றின் குறைதான், அம்மா. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. வெளியேறும் மூலக்கூறுகளுக்கு ஈடாக, காற்றிலிருந்தும் பல திரும்பி வந்து ஒட்டிக்கொள்கின்றன. காற்று 35 டிகிரியில் இருக்கும்போது ஈரப்பதம் 30 விழுக்காடானால் ஆவியாதல் நீரைச் சுமார் 22 டிகிரி வரை இறக்கக்கூடும். 60 விழுக்காடானால் 28 டிகிரியோடு நின்றுவிடும். இருந்தாலும் பானையையும் ஒருமுறை பாருங்கள். வெளிப்புறத்தில் பெயிண்ட் அடித்திருந்தால் நுண்துளைகள் அடைபட்டிருக்கும், அதற்கு வழியில்லை. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி நிரப்பி வையுங்கள்.