தடய அறிவியலில் வெளிநாட்டு முதுநிலைச் சான்றிதழ்: வேதியியல் படித்தவருக்கு அது பயன்படுமா?

கேள்வி: நொய்யல் கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம். கோவையில் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, மூன்று ஆண்டுகளாகத் திருப்பூரில் ஏற்றுமதித் துணிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். சாயமேற்றிய துணியில் தடை செய்யப்பட்ட அரோமாட்டிக் அமீன்கள் இருக்கின்றனவா என்று, வேதிப்பொருள்களைப் பிரித்து அடையாளம் காணும் ஜி.சி.எம்.எஸ். கருவியில் பார்த்து அறிக்கை தருவதே என் அன்றாடப் பணி.

தடய அறிவியல், குறிப்பாக நஞ்சுகளைக் கண்டறியும் நச்சியல் பிரிவு, கல்லூரிக் காலத்திலிருந்தே என் விருப்பம். எங்கள் உறவில் ஓர் இறப்பு நேர்ந்தபோது, உள்ளுறுப்பு ஆய்வறிக்கை வரும்வரை பெரியப்பா குடும்பம் மாதக்கணக்கில் உறக்கமின்றிக் காத்திருந்ததை அருகிலிருந்து பார்த்தவள் நான். அந்த அறிக்கையை எழுதுபவர்களில் ஒருத்தியாக நான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று தோன்றியது, இன்றுவரை மாறவில்லை.

இப்போது ஒரு கல்வி ஆலோசகர், கனடாவில் ஓராண்டு ‘கிராஜுவேட் சர்டிஃபிகேட்’ எனும் முதுநிலைச் சான்றிதழ் படித்தால் அது முதுநிலைப் பட்டத்துக்குச் சமம் என்றும், படிப்பு முடிந்ததும் பணி அனுமதி தானாகக் கிடைக்கும் என்றும், ஊர் திரும்பினால் அரசு ஆய்வகத்தில் முன்னுரிமை உண்டு என்றும் சொல்கிறார். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் வயலை அடமானம் வைத்துக் கடன் வாங்க அப்பா அணியமாக இருக்கிறார். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்தத் துறையை அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வது என் கடமை என்று நினைக்கிறேன். அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை?

மறுமொழி: பவானிக் கூடல்

அம்மணி, நான் தடய அறிவியல் துறையில் நச்சியல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் தந்தை கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முதுநிலைச் சான்றிதழ் என்பது ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர், அதன்மேல் ஒரு குறிப்பிட்ட திறமையைச் சேர்த்துக்கொள்வதற்காக ஏற்பட்ட குறுகிய படிப்பு. அது எங்கும் முதுநிலைப் பட்டத்துக்குச் சமமாகாது. நம் நாட்டில் அரசு ஆய்வகப் பணிக்கு ஆள் எடுக்கும்போது மூலப் பாடத்தில் பெற்ற பட்டத்தையும் போட்டித் தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணையும்தான் பார்ப்பார்கள். நீங்கள் பெற்றிருக்கும் வேதியியல் எம்.எஸ்சி. அந்த வகையில் உங்களுக்கு ஏற்கெனவே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வெளிநாட்டுச் சான்றிதழுக்கு முன்னுரிமை என்று யாரேனும் சொன்னால், அது எந்த அறிவிக்கையில் அச்சாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்து, பாடத்தின் உள்ளடக்கம். வட அமெரிக்கப் பாடங்களில் நச்சியல் என்றால் ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகள், கஞ்சா, வாகனம் ஓட்டியவரின் ரத்தத்தில் ஆல்கஹால் ஆகியவற்றுக்கே பெரும் இடம் கிடைக்கும். நம் பக்கத்து ஆய்வக மேசைக்கு வருபவை வேறு. ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள், தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு, அரளி, கண்வலிக் கிழங்கு என்று நம் வேளாண்மையோடு ஒட்டியவைதாம் இங்கே மிகுதி. மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் விதைக்காகப் பயிராகும் கண்வலிக் கிழங்கின் நஞ்சு கோல்சிசின். வெளிச்சம் பட்டால் அது லூமிகோல்சிசினாக மாறிவிடும். ஆகவே மாதிரியை வெளிச்சம் படாமல் காக்க வேண்டும் என்பது இந்த மண்ணில் வேலை செய்பவருக்குக் கைப்பழக்கமாக இருக்க வேண்டிய செய்தி.

வாசல் தெளிப்பதற்காக விற்கப்பட்ட சாணிப் பவுடர் என்ற நச்சுச் சாயப்பொடி நம் மேற்கு மாவட்டங்களில் எத்தனை வீடுகளை அழ வைத்தது என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதில் மஞ்சள் நிறப் பொடியில் இருப்பது ஆரமின் ஓ, பச்சை நிறப் பொடியில் இருப்பது மாலகைட் கிரீன். இரண்டும் சாயங்கள். மற்ற ஊர் நச்சியலாளர்கள் அரிதாகவே சந்திக்கும் அந்தப் பொருள்களை, சாயத்தைப் பிரித்து அடையாளம் காணும் வேலையையே நாள்தோறும் செய்யும் ஒருவர் எத்தனை எளிதாகக் கையாள்வார் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் திருப்பூரில் கழித்த மூன்று ஆண்டுகளை இந்தத் துறைக்குப் புறம்பானவை என்று நினைக்க வேண்டாம். ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரமுறை, கருவியின் அளவுதிருத்தம், வெற்று மாதிரியை உடன் ஓட்டிப் பார்ப்பது, ஐயம் எழுந்தால் மறுபடி சோதிப்பது ஆகிய எல்லாமே தடய ஆய்வகத்துக்கும் பொருந்தும்.

உங்களுக்கு இன்னும் பழகாதது, மாதிரி எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான். துணி ஆய்வகத்தில் மாதிரி கூரியரில் வந்தால் போதும். இங்கே அது யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நாளில் மாறியது, முத்திரை உடையாமல் இருந்ததா, கடிதத்தோடு அனுப்பிய மாதிரி முத்திரையும் குடுவையின் மீதுள்ள முத்திரையும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். ஒருமுறை, நிறைவுற்ற உப்புக் கரைசலில் வந்த உள்ளுறுப்புக் குடுவைகளில் ஒன்றின் முத்திரை பொருந்தவில்லை. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தக் குடும்பத்தார் காத்திருக்கும் நாள்கள் கூடுமே என்று அன்றிரவு நான் வருந்தினேன். ஆனால், பொருந்தாத முத்திரையோடு ஆய்வு செய்திருந்தால், சரியான விடைகூட நீதிமன்றத்தில் நின்றிருக்காது. ஒரு சான்றிதழ் படிப்பு இந்த ஒழுங்கைப் போலி வழக்கு, போலிக் குறுக்கு விசாரணை ஆகியவற்றின் வழியாகச் சொல்லித் தருமானால், அதற்கு மதிப்புண்டு. காணொளிகளை மட்டும் காட்டிச் சான்றிதழ் தருமானால், வயலை அடமானம் வைக்கும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

மறுமொழி: காலிங்கராயன் வாய்க்கால்

நான் பெருந்துறையில் மருந்து நிறுவன ஆய்வகம் ஒன்றில் வேலை செய்துகொண்டே, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியில் இத்தகைய சான்றிதழை முடித்தவன். எனக்கு அது பயன்பட்டது. ஆனால் எனக்குப் பயன்பட்ட காரணம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சான்றிதழ்கள் பொதுவாக 12 முதல் 18 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளி) வரை இருக்கும். முதுநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 30 அல்லது அதற்கு மேல் வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் சான்றிதழில் பெற்ற கிரெடிட்டுகளைப் பின்னர் அதே பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். இதைச் சேர்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. படிப்பை முடித்தவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் கிடைக்கும் 24 மாதக் கூடுதல் பணிக்காலம் பட்டம் பெற்றவர்களுக்கே உரியது, சான்றிதழுக்கு இல்லை. அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆய்வகம் போன்ற இடங்களில் அந்நாட்டுக் குடியுரிமை இல்லாமல் நுழையவே முடியாது.

பாடத்தேர்விலும் கவனம் வேண்டும். டி.என்.ஏ. ஆய்வாளராக வேண்டுமானால், எஃப்.பி.ஐ. வகுத்த தர நெறிகளின்படி உயிர்வேதியியல், மரபியல், மூலக்கூறு உயிரியல் ஆகியவற்றோடு புள்ளியியல் அல்லது இனத்தொகை மரபியலும் படித்திருக்க வேண்டும். ‘தடய அறிவியல்’ என்று தலைப்பில் எழுதியிருப்பதால் மட்டும் ஒருவர் எல்லாப் பிரிவுக்கும் தகுதி பெற்றவர் ஆகிவிட மாட்டார்.

கனடாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 1 முதல் படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிப்பவர்கள், பட்டம் அல்லாத கல்லூரிப் படிப்புகளை முடித்தால், அந்தப் பாடப்பிரிவு அந்நாட்டு அரசு வெளியிட்ட பட்டியலில் இருந்தால் மட்டுமே பணி அனுமதி பெற முடியும். ஆகவே ‘தானாகக் கிடைக்கும்’ என்று உங்களிடம் சொன்னது தவறு. அந்தப் படிப்பின் குறியீட்டு எண்ணைக் கேட்டு வாங்கி, அரசின் பட்டியலோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனக்கு அந்தப் படிப்பு தந்த பெரிய நன்மை, ஒரு முடிவை எவ்வளவு உறுதியோடு சொல்லலாம் என்ற பயிற்சிதான். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் 2009-ஆம் ஆண்டு அறிக்கை, உட்கரு டி.என்.ஏ. ஆய்வைத் தவிர வேறெந்த முறையும் ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு உயர்ந்த உறுதியுடன், மாறாமல் இணைக்க வல்லது என்று கண்டிப்பான ஆய்வுகளால் நிறுவப்படவில்லை என்று கூறியது. அதைப் படித்த வாரம் எனக்கு உறக்கம் வரவில்லை. ‘பொருந்துகிறது’ என்ற ஒரு சொல்லை எழுதுவதற்கு முன் எத்தனை முறை யோசிக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

மறுமொழி: சென்னிமலைச் சாலை

நான் ஈரோட்டில் வழக்கறிஞர். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவின்படி, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நிகழ்விடத்துக்குச் சென்று சான்றுகளைச் சேகரிக்க வேண்டும்; அந்தச் செயல்பாட்டைக் காணொளியாகவும் பதிவு செய்ய வேண்டும். மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதால், பயிற்சி பெற்றவர்களின் தேவை கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அரசு அறிவியல் நிபுணரின் அறிக்கைக்கும் தனியாரின் கருத்துக்கும் நீதிமன்றத்தில் வேறுபாடு உண்டு. சட்டம் குறிப்பிடும் அரசு நிபுணர்களின் அறிக்கையை, அவர்களை நேரில் விசாரிக்காமலேயே சான்றாகக் கொள்ள 329-ஆம் பிரிவு இடமளிக்கிறது. தனியார் நிபுணர் சாட்சிக் கூண்டில் ஏறித் தன் தகுதியையும் முறையையும் நிலைநாட்ட வேண்டும். அங்கே சான்றிதழின் பெயரைக் கொண்டு யாரும் தப்ப முடியாது. இந்த முறையை எத்தனை மாதிரிகளில் சோதித்தீர்கள், பிழை வீதம் என்ன என்று நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

தனியாருக்கு இன்று வேலை மிகுதியாக இருப்பது மின்னணுச் சான்றுகளில். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்கீழ் தரும் சான்றின் இரண்டாம் பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்ணான ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கணினி படித்தவர்களுக்கு ஓராண்டுச் சான்றிதழ் விரைவாகப் பயன் தருவது இந்தப் பிரிவில்தான்.

நொய்யல் கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவிடம் மூன்று மறுமொழிகளையும் வாசித்துக் காட்டினேன். வயலை அடமானம் வைப்பது இல்லை என்று முடிவு செய்துவிட்டோம். கணினிப் பிரிவுக்கு மாறும் எண்ணமும் எனக்கு இல்லை. வேலையை விடாமல் இந்தியாவிலேயே நச்சியலில் சேர்வதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று பவானிக் கூடல் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பவானிக் கூடல்

மகிழ்ச்சி, அம்மணி. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. 2009-இல் தொடங்கிய குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகம்தான் அதன் வேர். அங்கே முதுநிலைப் பட்டங்களும் பட்டயங்களும் உண்டு, சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு நடத்துகிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் தடய அறிவியல் படித்தவர்களுக்காக நடத்தும் ஃபேக்ட் (FACT) தகுதித் தேர்வின் பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, மாலை நேரத்தில் படிக்கத் தொடங்குங்கள். அதோடு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளைத் தவறாமல் பார்த்து வாருங்கள்.

நம் மாநிலத்துக்கு இந்தத் துறையில் நீண்ட மரபு உண்டு. சென்னையில் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் தொடங்கியது. 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலையில், வெடிகுண்டு இடுப்புக் கச்சையில் கட்டிவரப்பட்டது என்பதைச் சிதறிய துணித் துண்டுகளையும் கம்பிகளையும் வைத்து நிறுவியவர், இத்துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். துணியைப் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே வேலை உண்டு என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

இப்போதைக்கு உங்கள் ஆய்வகத்தில் ஓய்வு கிடைக்கும்போது ஆரமின் ஓ, மாலகைட் கிரீன் இரண்டின் நிறமாலைகளையும் தரமாதிரிகளோடு ஒப்பிட்டுப் பழகுங்கள். மேலாளரிடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். பிறகு ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுப்பதைப் பற்றி ஐயம் எழுந்தால் இங்கேயே எழுதுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.