புதுப்பிப்பு: டர்போ மேனிஃபோல்டு விரிசல் விட்டது

ஸ்போர்ட்ஸ் காருக்கு டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) பொருத்த, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (எஞ்சின் புகையை ஒன்றுசேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாய்த் தொகுதி) வார்ப்பிரும்பில் வாங்குவதா, 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயில் செய்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். பளபளப்பில் மயங்கி 304-ஐயே தேர்ந்தெடுத்தேன்.

நேற்று வெப்பக் கவசத்தைக் கழற்றினால், நான்கு குழாய்களும் சேரும் இடத்தில், வெல்டிங்கை ஒட்டி முடி போல ஒரு கோடு, சுற்றிலும் கரி. அதன் வழியே புகை கசிந்து வந்த ‘டிக் டிக்’ சத்தத்தை எஞ்சின் வால்வு என்று நினைத்து ஏமாந்திருக்கிறேன்!

சூடேறும்போது 304, வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிகிறது. நானோ தாங்குசட்டம் வைக்காமல் டர்போவின் முழு எடையையும் அதன்மேல் தொங்கவிட்டிருந்தேன். டைட்டானியம் சேர்த்த 321 ரக ஸ்டெயின்லெஸ் இந்தச் சூட்டுக்கு இன்னும் ஏற்றது, விலைதான் கட்டுப்படியாகவில்லை. கனத்தைப் பொறுத்துக்கொண்டு வார்ப்பிரும்புக்கே திரும்புகிறேன், இம்முறை தாங்குசட்டத்தோடு. அன்றே எச்சரித்தவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.