பனிமலை ஏரிகள்: போய் வந்த பிறகும் மனதில் உறுத்துவது எது? (அனுபவப் பகிர்வு)

மன்னார்குடி மைந்தன்:
இமாச்சலின் சந்திரதால் ஏரிக்குப் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் வழியெல்லாம் எழுதவில்லை. அப்பாவைப் பற்றி மட்டும். வண்டி நிற்கிற இடத்திலிருந்து நடந்து மேடேறினால் ஏரி. நாங்கள் எல்லோரும் போனை எடுத்தோம். அப்பா கரையோடு நடந்துவிட்டுத் திரும்பி வந்து, "ஏம்ப்பா, மதகு எங்க இருக்கு?" என்றார். மதகு கிடையாது, பனி உருகித் தானாக நிற்கிற தண்ணீர் என்றேன். "சரி, எங்க பாயுது?" வழிந்து சந்திரா ஆற்றில் சேருகிறது, அந்த ஆறு 'தாண்டி' என்ற ஊரில் பாகா ஆற்றோடு கலக்கிறது, இரண்டும் சேர்ந்ததுதான் செனாப், அது பாகிஸ்தானுக்குப் போகிறது, 1960 சிந்து நதி ஒப்பந்தத்தில் அந்த ஆறு பெரும்பாலும் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது என்று சொல்லி முடித்தேன். அப்பா கையில் தண்ணீரை அள்ளி, விரலிடுக்கில் வழிவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கடைமடைக்குப் போய்ச் சேருதாமா?"
எங்கள் நிலம் கடைமடை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீரைக் காண எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவுக்கு இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

வேதாரண்யம் உப்பளத்து வீடு:
மைந்தன், அப்பாவிடம் "சேரவில்லை" என்று சொல்லுங்கள். செனாப் தண்ணீரை மராலா தடுப்பணையில் தொடங்கிப் பாகிஸ்தான் பஞ்சாப் முழுக்கக் கால்வாய்களில் பிரித்துவிடுகிறார்கள். மிச்சம் சிந்துவில் கலக்கிறது. கோட்ரி தடுப்பணைக்குக் கீழே போகிற தண்ணீர் குறைந்துபோய், சிந்து டெல்டாவில் கடல் உள்ளே ஏறி வயலெல்லாம் உவராகிவிட்டது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.
நான் போனது லடாக்கின் பாங்காங் ஏரி. 4,200 மீட்டருக்கு மேலே, கடலே இல்லாத ஊர். தண்ணீரை நாக்கில் வைத்தேன், கரித்தது. வெளியேற வழியில்லாத ஏரி அது. தண்ணீர் ஆவியாகிப் போக, அது கொண்டுவந்த உப்பு தங்கிவிடுகிறது. எங்கள் பாத்தியில் நடக்கிற அதே வேலை. அந்த ருசியோடு நின்றபோது ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

கும்பகோணம் காவேரிக்கரை:
நாங்கள் போனதும் சந்திரதால்தான், ஆடிப்பெருக்கு அன்று. மாமியார் ஊரிலிருந்தே காதோலை, கருகமணி, மஞ்சள் எல்லாம் எடுத்து வந்திருந்தார். தங்கிய கூடாரத்தில் காப்பரிசியும் கலந்துவிட்டார். கரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போது காவலர் வந்துவிட்டார். தண்ணீரில் எதையும் விடக்கூடாது, குளிக்கவும் கூடாது, சரணாலயம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அத்தை மறுபேச்சு பேசாமல் எங்கள் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, அவருக்கும் ஒரு கை காப்பரிசி கொடுத்தார். அவர் நின்றபடியே சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.
ஸ்பிட்டியில் உள்ள காசா ஊருக்குப் போய்ச் சேரும்வரை அத்தை சொன்னது ஒன்றுதான்: "தண்ணிக்குக் கொடுக்காம நாம மட்டும் தின்னுட்டோமே." விதி சரியானதுதான், அந்தக் குளிரில் எதுவும் சீக்கிரம் மட்காது. ஆனால் அத்தையின் முகத்தை மறக்க முடியவில்லை.

தஞ்சை பயணி:
மேலே எழுதிய சகோதரி, வயதானவரை அவ்வளவு உயரத்துக்கு எப்படிக் கூட்டிப்போனீர்கள்? காப்பரிசி பற்றி எழுதியிருக்கிறீர்கள், மூச்சு பற்றி ஒரு வரி இல்லை.
சிக்கிமில் குருதோங்மார் போகும் வழியில் பிஸ்கட் பாக்கெட் உப்பி வெடிக்கிற மாதிரி ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மாவின் உதடு நீலம். ஓட்டுநர் யாரையும் கேட்காமல் வண்டியைத் திருப்பினார். ஏரியைப் பார்க்கவேயில்லை.
டெல்டாவில் நாம் கடல்மட்டத்தை ஒட்டியே வாழ்கிறவர்கள். 5,000 மீட்டரில் காற்றழுத்தம் இங்கிருப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு எடுக்க வேண்டும். மணாலி சுமார் 2,000 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் சந்திரதால் போய்த் தங்குவது வேண்டாம். சிம்லா, கல்பா, தாபோ, காசா என்று படிப்படியாக ஏறி, கடைசியில் ஏரிக்கு வாருங்கள். தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்குங்கள், இரவானாலும் சரி. உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், சல்பா வகை மருந்துகள் ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கும்பகோணம் காவேரிக்கரை:
அண்ணா, நாங்கள் சிம்லா வழியாகத்தான் போனோம். காசாவில் தங்கி உடம்பு பழகிய பிறகுதான் ஏரிக்கு வந்தோம், திரும்பியதும் அங்கேதான். அத்தை எங்களைவிட நன்றாகவே நடந்தார்.

வடுவூர் பறவைப் பிரியர்:
என் உறுத்தல் லடாக்கின் சோ மோரிரி. கூந்தன்குளத்தில் குளிர்காலத்தில் பார்க்கிறோமே, வரித்தலை வாத்து, அது குஞ்சு பொரிக்கிற இடங்களில் அந்த ஏரியும் ஒன்று. கரைப் புல்லில் ஒரு ஜோடி, பின்னால் மஞ்சள் பஞ்சாகக் குஞ்சுகள். படம் எடுக்க ஒரு வண்டி சாலையை விட்டுப் புல்வெளிக்குள் இறங்கியது. பெரியவை இரண்டும் குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடின. கடைசிக் குஞ்சு சக்கரத் தடத்தில் விழுந்து, எழ முடியாமல் தத்தளித்தது. எங்கள் ஓட்டுநர் ஓடிப்போய் அந்த வண்டியை நிறுத்தினார், அதற்குள் அது எழுந்து ஓடிவிட்டது. அங்கே தெருநாய்களும் அதிகம், பிரிந்த குஞ்சு தப்பாது. போகிறவர்கள் தயவுசெய்து வண்டியைச் சாலையிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் தூரத்திலிருந்தே எடுங்கள்.