டி வடிவ வளையில் வெட்டுத் தகைப்பு: விடை மூன்றிலொரு பங்காக வருகிறது, உதவி தேவை

கிளிநொச்சி மாணவன்: வணக்கம். இரண்டு பலகைகளை ஆணியடித்துச் செய்த டி வடிவ வளையொன்றில் (சுமை தாங்கும் உத்தரம்), அவை பொருந்தும் மட்டத்திலுள்ள வெட்டுத் தகைப்பைக் (ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முயல்வதால் ஓரலகு பரப்பில் எழும் விசை) கணிக்க வேண்டும். வெட்டுவிசை 2 கிலோ நியூட்டன். எனக்கு 0.094 மெகாபஸ்கால் வருகிறது, விடைத்தாளில் 0.28 என்றுள்ளது. நாளை ஒப்படைக்க வேண்டும்.

மாங்குளத்தான்: தம்பி, பலகைகளின் அளவுகளைத் தராமல் எவராலும் சரிபார்க்க முடியாது. அகலமாக எதைப் பிரதியிட்டீர்கள்?

முறிகண்டியான்: வளையின் சுயநிறையை விட்டிருப்பீர்கள். முதிரை மிகப் பாரமான மரம்.

கட்டமைப்பாளர்: சுயநிறை விடையை மும்மடங்காக்காது, வெட்டுவிசையைத்தான் கேள்வியிலேயே தந்திருக்கிறார்களே. சூத்திரத்தை மனனம் செய்கிறவர்கள் அதன் ஒவ்வோர் எழுத்தும் எதைக் குறிக்கிறது என்று ஒருமுறையாவது பார்த்துவிட்டு இங்கே வருவது நல்லது.

கிளிநொச்சி மாணவன்: இரண்டும் 150 × 50 மி.மீ. ஒன்று மேலே கிடையாக, மற்றது அதன் கீழே நிமிர்ந்து. அகலம் 150 எடுத்தேன்.

மாங்குளத்தான்: அகலத்தில்தான் கோளாறு. மையப்போலி, அதாவது வெட்டுமுகப் பரப்பின் மையம், அடியிலிருந்து 125 மி.மீ. உயரத்தில் உள்ளது, அதைப் பற்றிய பரப்பின் இரண்டாம் திருப்பம் (வளைவை எதிர்க்கும் தன்மையைக் காட்டும் அளவு) 5,31,25,000. மேற்பலகையின் முதலாம் திருப்பம், அதாவது அதன் பரப்பை மையப்போலியிலிருந்து அதன் மையம் உள்ள தூரத்தால் பெருக்கியது, 7500 × 50 = 3,75,000. விசையை இதனால் பெருக்கி, இரண்டாம் திருப்பத்தாலும் அகலத்தாலும் வகுக்க வேண்டும். பலகைகள் ஒன்றையொன்று தொடும் அகலம் 50 மட்டுமே என்பதால் 0.28 வரும். அகலத்தால் வகுக்காமல் விட்டால் மி.மீ. ஒன்றுக்கு 14.1 நியூட்டன், ஓர் ஆணி 700 நியூட்டன் தாங்குமெனில் ஏறத்தாழ 50 மி.மீ.க்கு ஓர் ஆணி வேண்டும்.

முறிகண்டியான்: கணக்கு இருக்கட்டும். பனையில் வைரம் வெளிப்புறத்தில்தான், நடுப்பகுதி மென்மையானது. வெட்டுத் தகைப்பு நடுநிலை அச்சருகே (வளையும்போது நீளவோ சுருங்கவோ செய்யாத நடுமட்டம்) உச்சமாகும் என்றால், எங்கள் வீடுகளின் முழுப்பனை வளைகள் நடுவே பிளந்திருக்க வேண்டுமே.

கட்டமைப்பாளர்: பிளக்காததற்குக் காரணம் நீளம்: நீண்ட வளையில் வெட்டைவிட வளைவே முந்தும். சீரான சுமை தாங்கும், இரு முனைகளிலும் எளிதாகத் தாங்கப்பட்ட செவ்வக வளையில், உச்ச வளைவுத் தகைப்புக்கும் உச்ச வெட்டுத் தகைப்புக்குமான விகிதம், நீளத்தை ஆழத்தால் வகுத்தால் வருவதே. 3 மீற்றர் நீளமும் 200 மி.மீ. ஆழமும் என்றால் 15 மடங்கு. மரவளைக்கு வெட்டுத் தகைப்பைப் பார்ப்பதே வீண்.

மாங்குளத்தான்: வீண் என்பதை ஏற்க மாட்டேன். மரம் நாரின் வழியே வெட்டைத் தாங்கும் வலிமை, வளைவைத் தாங்கும் வலிமையில் சிறு பங்குதான். ருஷ்யப் பொறியியலாளர் ஜுராவ்ஸ்கி 19ஆம் நூற்றாண்டில் இச்சூத்திரத்தைக் கண்டதே மரத்தாலான ரயில் பாலங்களுக்காகத்தான். வளை குட்டையாகி, சுமையும் வளை இருத்தப்பட்ட முனையருகே விழுந்தால் வெட்டே முந்திக்கொள்ளும்.

கிளிநொச்சி மாணவன்: 50 போட்டதும் சரியாக வந்தது. நன்றி அண்ணா.

முறிகண்டியான்: சுவரில் இருத்துவதற்காக வளை நுனியின் அடியைக் கொத்திக் குறைக்கிறார்களே, அதற்கும் இதே கணக்குத்தானா?

மாங்குளத்தான்: அங்கே மீதியுள்ள ஆழத்தை மட்டும் எடுத்துக் கணித்தாலும் போதாது. கொத்திய மூலையில் தகைப்பு குவிந்து நார் வழியே பிளவு ஓடும். ஆகவே கொத்தாமல் இருத்துவதே நல்லது.