புதுப்பிப்பு: இரண்டு கயிறு போட்டு அயனி (பலா வகை) மரம் ஏறினேன்

மரத்தில் வேலை செய்ய ஒரு கயிறு போதுமா, இரண்டு வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரி, குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு வீட்டு அயனி மரத்தில் இரண்டு கயிற்றோடு நான்கு நாள் வேலை பார்த்தாச்சு. இரண்டையும் வெவ்வேறு கவட்டையில் போடுங்கள், ஒரே கவட்டை என்றால் அது ஒடிந்ததும் இரண்டும் போச்சு. ஒன்றை அவிழ்த்து மேல் கவட்டைக்கு மாற்றும்போது மற்றது ஆளைத் தாங்குகிறது. மூன்றாம் நாள் மெஷின் வாள் இடது கயிற்றில் உரசி, உறை கிழிந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. வலது கயிற்றில்தான் இறங்கினேன். கிழிந்த இடது கயிற்றை அன்றே ஒதுக்கிவிட்டேன். இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் கீழே நிற்கிறவருக்குக் குழப்பம், அதனால் அடுத்த கயிற்றை ஆரஞ்சு நிறத்தில் வாங்குகிறேன். மழை ஈரத்தில் முடிச்சு இறுகுவதுதான் இன்னும் பெரிய தொல்லை.