சோழவரம் ஓடுபாதையில் ரேஸுக்கு முன்னால் என்ன நடந்தது?

பெல்லந்தூர்க்காரன்:
அப்பா ஊரை விட்டு பெங்களூரில் எங்களோடு இருக்க வந்து ஆறு மாதமாகிறது. சொந்த ஊர் சோழவரம் பக்கம். சாயங்காலமானால் பேச்செல்லாம் அங்கே நடந்த கார் ரேஸ்தான். ரேஸ் கார் எஞ்சின் எண்ணெயிலிருந்து விளக்கெண்ணெய் கருகுகிற மாதிரி ஒரு வாசனை காற்றில் வந்தாலே பையன்கள் எல்லாரும் வயல் வரப்பில் ஓட ஆரம்பித்துவிடுவார்களாம். அந்த இடம் முதலில் சண்டைக்காலத்து ஏரோட்ரோம் என்கிறார். அதுகூடச் சரி, ஆனால் "ஏரியிலேயே ப்ளேன் இறங்கும்" என்று பாட்டி சொன்னதாகவும் சொல்கிறார், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

அல்சூர் வாசகர்:
ஏரோட்ரோம் என்பது உண்மை. 1942 ஏப்ரல் 5 கொழும்பில் ஜப்பான் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9ஆம் தேதி திருகோணமலை. மெட்ராஸில் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியதைப் பெரியவர்கள் 'இவாக்குவேஷன்' என்றே சொல்வார்கள். சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு எல்லாம் அந்தப் போர்க்காலத்து விமானத்தளங்கள்தான். சண்டை முடிந்ததும் விமானங்கள் போய்விட்டன, ஓடுபாதை மட்டும் மிச்சம். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு அதுவே மைதானமானது. ஆங்கில டி எழுத்து மாதிரி அமைப்பு, நேர்கோட்டில் பறந்து வந்து சட்டென்று பிரேக் அடித்துத் திரும்ப வேண்டும். 1990 வாக்கில் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகு அதுவும் போயிற்று. ஏரி விஷயம் மட்டும் பாட்டி ஏதோ கலந்து சொல்லியிருப்பார்.

ரெட்ஹில்ஸ் பேரன்:
கலந்தெல்லாம் சொல்லவில்லைங்க. பாட்டி சொன்னது பக்கத்து ஏரி, ரெட்ஹில்ஸ் ஏரி. ராயல் ஏர்ஃபோர்ஸின், அதாவது பிரிட்டிஷ் விமானப்படையின், 240ஆம் ஸ்குவாட்ரன் என்ற பிரிவு அங்கேதான் இருந்தது, கேட்டலினா என்ற கடல் விமானங்களோடு. அடிவயிறு படகு மாதிரி, இறக்கை தலைக்கு மேலே, தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலேயே கிளம்பும். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி 15 மணி நேரத்துக்கு மேலும் கடல்மேல் சுற்றக்கூடியது. என் தாத்தாவும் அதே ஏரியைத்தான் சொல்வார். படித்தவர்கள் எழுதி வைக்காததைக் கரையில் நின்று பார்த்தவர்கள் சொன்னால் தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள்.

அல்சூர் வாசகர்:
மன்னிக்கணும், அவசரப்பட்டுவிட்டேன். ஏரோட்ரோமை மட்டும் நினைத்து எழுதிவிட்டேன்.

முருகேஷ்பாளையம்:
பெல்லந்தூர்க்காரரே, இதில் உங்கள் ஏரிக்கும் பங்கு உண்டு! 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் சமஸ்தானத்தோடு சேர்ந்து இங்கே பெங்களூரில் ஆரம்பித்த இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்ற விமானக் கம்பெனி 1943இல் அமெரிக்க விமானப்படையின் கைக்குப் போய், போர் விமானங்களைப் பழுது பார்க்கும் இடமானது. கேட்டலினாக்களும் அங்கே வந்தன. வந்து இறங்கியது பெல்லந்தூர் ஏரியில். இன்று நுரையும் நாற்றமுமாகக் கிடக்கிற அதே தண்ணீர்தான், நினைத்தாலே வயிறு எரிகிறது.

பெல்லந்தூர்க்காரன்:
அப்பாவிடம் இப்போதுதான் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அம்மா பொய் சொல்லமாட்டாளே" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகிறேன்.